கீழக்கரையில் பழைய வீட்டுத் தேக்குத் தூண், நிலை, சன்னல்: பெயின்ட் அடிக்கலாமா, மரமாகவே விடலாமா?

கீழக்கரைவீடு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம், சலாம். கீழக்கரையில் ஒரு பழைய வீட்டின் மரவேலைகள் பற்றி முடிவெடுக்க வேண்டும். கடல் தெற்கே ஏறக்குறைய 300 மீட்டர். சுவர் முருகைக்கல்லும் (பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும்.

முற்றத்தைச் சுற்றி 8 மரத்தூண்கள். 8 அங்குல விட்டம், 8 அடி உயரம், அடியில் கருங்கல் பாதம், மேலே பூவேலை செய்த போதிகை, அதன்மேல் உத்திரம். தூண்களில் பெயின்ட் கிடையாது. எப்போதோ பளபளப்பாக ஏதோ பூசி, அது மங்கிக் கறுத்திருக்கிறது. பட்டாசாலை, அதாவது முற்றத்தை ஒட்டிய ஹால்: கூரையில் நெருக்கமாக மரக்கட்டைகள், இடையில் செங்கல். பின்கட்டு அடுக்களைக்கு மட்டும் பனங்கையும் (பனைமரச் சட்டங்கள்) ஓடும்.

தெருக்கதவு சித்திர வேலை உள்ள இரட்டைக் கதவு. வெளிப்பக்கம் பச்சை எனாமல், பல கோட், சில இடங்களில் செதில் செதிலாக உதிர்கிறது. உள்பக்கம் மரம் அப்படியே. நிலையின் அடி நாலு அங்குலம் விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. கடலைப் பார்த்த இரண்டு சன்னல்கள், நாலு கதவு, ஒவ்வொன்றும் 4 அடிக்கு ஒன்றரை அடி. என்ன மரம் என்று தெரியவில்லை. பெயின்ட் கொப்பளித்திருக்கிறது.

பெயின்ட் காண்ட்ராக்டர் சொல்வது: "எல்லாத்தையும் ஐவரி அடிச்சிடுவோம். ஒரு கோட் பிரைமர், ரெண்டு கோட் எனாமல், நாலு நாள்ல முடிஞ்சிடும்." பட்டாசாலை பகலிலும் இருட்டு என்பதால் உம்மாவுக்கு இதில் சம்மதம். வாப்பா தேக்கின்மேல் பிரஷ் படக்கூடாது என்கிறார். எதை அடிக்கலாம், எதை விட வேண்டும்? காரணத்தோடு சொன்னால் இருவரிடமும் பேச வசதியாக இருக்கும். மாசியில் வேலை தொடங்க எண்ணம்.

---

உளிமுனை (தேவிபட்டினம்):

வீடு முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். வெயிலும் மழையும் நேராகப் படுகிறதா? என்ன மரம்? இப்போது அதன்மேல் என்ன இருக்கிறது?

கடலைப் பார்த்த சன்னலுக்குப் பெயின்ட்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வார்னிஷ் தெளிவாக இருப்பதால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் வழியே போய் மரத்தின் மேல்தோலை அரிக்கிறது. நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் சிதைந்ததும், வார்னிஷுக்குக் கீழே பிடிமானம் போய்விடும். இரண்டே வருடத்தில் தாள்போல உரிந்து வரும். பெயின்டில் உள்ள நிறமிப் பொடி அந்தக் கதிரைத் தடுக்கிறது. வெளிமரத்துக்குப் பெயின்ட் அடிப்பது அழகுக்காக அல்ல, குடை பிடிப்பதற்காக. தெருக்கதவின் வெளிமுகத்துக்கும் இதே கணக்கு.

தூண், போதிகை, உத்திரம், கதவின் உள்முகம் இவற்றில் வெயில் படவில்லை. குடை தேவையில்லாத இடத்தில் குடை பிடித்தால் வரும் கெடுதல்களைப் பாருங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. சாதாரண எனாமல் அதன்மேல் காயத் தாமதமாகும், பிடிப்பும் குறைவு. மரத்தின் சாயம் வெள்ளைப் பெயின்டுக்குள் ஊறி வந்து மஞ்சள் பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், தண்ணீர்ப் பெயின்ட் என்றால் இன்னும் மோசம். கட்டைகள் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். இருண்ட மரத்தில் அந்த மூட்டுவாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை அடித்தால் ஒவ்வொரு மூட்டிலும் கறுப்புக் கோடு விழும்.

போதிகையில் அடித்தால் திரும்ப எடுப்பது பெரும் பாடு. இதழ்களுக்கு இடையில் உள்ள பள்ளத்தில் எனாமல் தேங்கி, கூர் விளிம்பெல்லாம் மழுங்கும். அதைச் சேதமில்லாமல் எடுக்க ஒரு போதிகைக்கு ஒரு முழு ஆள்நாள் வையுங்கள். உங்களிடம் எட்டு இருக்கிறது.

முதலில் இரண்டு சோதனை. கதவின் அடிவிளிம்பு, தூணின் சுவர்ப்பக்கம் என்று கண்ணில் படாத இடத்தில் பிளேடால் ஒரு அங்குலம் சுரண்டுங்கள். புதிதாகச் சுரண்டிய தேக்கு பொன்பழுப்பு, விரலில் லேசான எண்ணெய்ப்பிசுக்கு, பதப்படுத்திய தோலின் வாசனை. வேம்பு சிவந்திருக்கும். பூவரசு சாக்லேட் நிறம்.

அடுத்து, பஞ்சில் டினேச்சர்டு ஸ்பிரிட் நனைத்து அந்தப் பழைய பளபளப்பில் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்குப் பாலிஷ். ஒட்டாவிட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வைத்துப் பாருங்கள், கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ். இது தெரியாமல் மேலே எதையும் பூசச் சொல்ல முடியாது.

---

தூரிகை (ராமநாதபுரம்):

உளிமுனை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். காண்ட்ராக்டர் சொன்ன முறையில் சன்னலையும் அடிக்காதீர்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன். 'ஒரு கோட் பிரைமர், ரெண்டு கோட் எனாமல்' என்பது மதுரையில் ஓடலாம், கடலோரத்தில் ஓடாது.

காரணம் உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே ஈரம் இழுத்துக் கரையும். நம் கரையில் இரவில் அதைத் தாண்டுவது சாதாரணம். பழைய மரத்தின் மேல் படிந்த உப்பைக் கழுவாமல் பெயின்ட் அடித்தால், உப்பு படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பகல் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகித் தள்ளும்போது கொப்புளம் வரும். உங்கள் சன்னல் கொப்பளித்ததற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பிளேடால் ஒரு கொப்புளத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே பெயின்டின் முதுகும் மரமும் வெண்பொடியாக, நாக்கில் வைக்காமலே உப்பென்று தெரியும்.

வேலை வரிசை:

உதிரும் பெயின்டை மட்டும் சுரண்டுங்கள். மீதி பெயின்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, பிளேடால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு நெடுக்காகவும் ஆறு குறுக்காகவும் மரம் தெரியக் கீறி, பிசின் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் முழுவதும் எடுக்க வேண்டியதுதான். ஓரிரண்டு மட்டும் வந்தால் அப்படியே வைத்து, விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து மேலே அடிக்கலாம்.

பிறகு கழுவுதல். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்தில் பல வீட்டுத் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதில் ஏற்றுகிறீர்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ சேமித்த மழைநீரோ எடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) இருந்தால் 500-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வாளிக்கு இரண்டு தேக்கரண்டி மென்மையான சோப்புத் திரவம், துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை அலசித் துடையுங்கள். ஓஸ் பைப் பீய்ச்சக் கூடாது, மூட்டுக்குள் தண்ணீர் போகும். நிழலில் நாலு நாள் காய வேண்டும்.

ஆணித்தலைகள்: துருப்பிடித்த இரும்பாணியின் மேல் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் காவிக்கறை ஒழுகும். முடிந்தவரை பிடுங்கிவிட்டுப் பித்தளை அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 304 கடலோரத்தில் பழுப்புக் கறை காட்டும். பிடுங்க முடியாத ஆணியை உள்ளே இறக்கி, தலையில் ரெட் ஆக்சைடு வைத்து, எண்ணெய்ப் பட்டியால் மூடுங்கள். சுவருக்குப் பார்க்கும் வெள்ளை சிமென்ட் பட்டியை மரத்தில் வைக்கவே வேண்டாம். மரம் அசையும், அது அசையாது.

வெறும் மரம் தெரியும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். மறுநாளைக்கு விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். முதல் பிரைமர் 10 விழுக்காடு டர்பன்டைன் கலந்து மெல்லியதாக, இரண்டாவது கலக்காமல். பிறகு எனாமல் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 24 மணி நேரம், 220 உப்புத்தாள், தூசி துடைப்பு. காலை பனி காய்ந்து ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடியுங்கள். வெயில் நேராகச் சுடும் பலகையில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும்.

அளவு: நாலு கதவு, இரண்டு பக்கமும் 48 சதுர அடி, நிலைச் சட்டத்தோடு 70 என்று வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி ஓடும். பிரைமர் ஒன்றரை லிட்டர், எனாமல் ஒன்றரை லிட்டர் போதும்.

சன்னல் கதவைக் கழற்றி வைத்து, அதன் அடிவிளிம்பிலும் மேல்விளிம்பிலும் அடியுங்கள். மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். மாட்டியபடியே அடிக்கும் பெயின்டர் அந்த அடிவிளிம்பைத் தொடுவதே இல்லை. சன்னல் கதவு எங்கே உளுக்கிறது என்று ஊர் முழுக்கப் பாருங்கள், அடி இரண்டு அங்குலத்தில்தான்.

உம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் குறைந்த அறையில் சீக்கிரமே மஞ்சளாகும். வெயில் பட்டால்தான் அது வெளுப்பாக நிற்கும். இருட்டுக்காக அடிக்கிற வெள்ளை, இருட்டினாலேயே கெடும்.

---

சுண்ணாம்புச்சாந்து (மண்டபம்):

நிலையின் அடி அமுங்குகிறது என்றீர்களே, அதற்குப் பெயின்ட் மருந்தல்ல. பெயின்ட் அடித்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக அழுகும்.

முருகைக்கல் கடலுக்குள் வளர்ந்த கல், நுண்துளை நிறைந்தது, உப்போடுதான் சுவருக்கு வந்திருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை அந்த ஈரம் சுவர்முகத்தின் வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். நிலையைச் சுற்றி யாராவது சிமென்ட் பூசியிருந்தால் அந்த வழி அடைபட்டு, ஈரம் மரத்தின் பக்கம் திரும்பும். அடியில் தரை மட்டம் உயர்த்தி மொசைக்கோ டைல்ஸோ போட்டிருந்தால் நிலையின் வெட்டுமுகம் தரைக்குள் புதைந்திருக்கும். இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். (புதுக் கல் தேடி ஒட்டுப்போட நினைக்காதீர்கள். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளன, எடுப்பது குற்றம். இடிந்த பழைய சுவரின் கல்லோ செங்கல்லோதான்.)

ஈரமானி ஒன்று வாங்குங்கள், இரண்டு ஊசி உள்ள வகை. ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூச்சு வேலை பார்க்கலாம், 20-க்கு மேல் போனால் அழுகல் வளரும் நிலை. ஒரு எச்சரிக்கை: அந்தக் கருவி மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்பேறிய மரத்தில் பொய்யாக அதிகம் காட்டும். அதனால் கழுவிக் காயவைத்த பிறகு ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள்.

ஹால் இருட்டுக்கு என் வழி: மரத்தைத் தொடாமல், கட்டைகளுக்கு இடையில் உள்ள செங்கல்லுக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். வெளிச்சம் கூரையில் பட்டுக் கீழே வரும், மரம் கோடு கோடாக நிற்கும். நன்றாக ஊறிய சுண்ணாம்பு, பால் பதத்தில், மெல்லியதாக மூன்று கோட். அடிக்குமுன் செங்கல்லை நனைக்க வேண்டும். மரக்கட்டைக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு காரம் தேக்கில் பட்டால் கறுக்கும்.

---

கீழக்கரைவீடு:

மூவருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளைச் செய்தாயிற்று.

தூண்: சுரண்டினால் பொன்பழுப்பு, தோல் வாசனை. ஸ்பிரிட் வைத்ததும் ஒட்டியது, பஞ்சு காப்பி நிறமானது. ஈரம் நடுவில் 13, அடியில் 19. தெருக்கதவும் தேக்கு. பச்சைப் பெயின்டில் டேப் சோதனையில் கட்டங்கள் கொத்தாக வந்தன. கீழே ஒரு சிவப்பு, அதற்குக் கீழே ஒரு சாம்பல் கோட் தெரிகிறது. நிலையின் அடி 28. சுற்றிச் சிமென்ட் பூச்சு இருக்கிறது, டைல்ஸ் நிலையை ஒரு அங்குலம் மூடியிருக்கிறது. சன்னல் வேம்பு போலிருக்கிறது, சிவப்பு. ஈரம் 16. ஒரு கதவில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், கீழே மாவுபோல் தூள்.

கூடுதல் கேள்வி: பச்சைப் பெயின்டை ஊதுவிளக்கு வைத்து எரித்து எடுக்கிறேன் என்கிறார் ஒருவர். சரியா?

---

தூரிகை:

காக்கா (அண்ணே), எரிக்கவே கூடாது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-இல். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்கிறது என்றே வைத்து வேலை செய்யுங்கள். எரித்தால் ஈயப்புகை, உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் ஈயத்தூசி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. முற்றத்தில் வடகமோ கருவாடோ காயவைப்பது அந்த வாரம் நிற்கட்டும்.

கதவைக் கழற்றி நிழலான திறந்த இடத்தில், கீழே கனமான பாலித்தீன் விரித்துக் கிடத்துங்கள். பெயின்ட் ரிமூவரைத் தடிமனாக ஒரே பக்கமாக வைத்து, மேலே மெல்லிய பாலித்தீன் மூடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் நம் கடல் காற்றில் பத்தே நிமிடத்தில் காய்ந்துவிடும். பிசைந்த கூழாக வந்ததும் மர அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சித்திரப் பள்ளத்துக்கு மூங்கில் குச்சியை உளியின் நுனி போலச் சீவிக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் உல் இரண்டும் வேண்டாம். மயிரிழை போன்ற துண்டுகள் தேக்கு நாருக்குள் உடைந்து தங்கி, முதல் மழையில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகளாக வெளிவரும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் மை. பித்தளை பிரஷ் அல்லது பழைய பல்துலக்கி போதும்.

ரிமூவரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மூடிய அறையில் செய்தால் ஆள் மயங்குவார். நைட்ரைல் கையுறை, கண்ணாடி கட்டாயம். காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், தேக்கு கருகிய நிறமாகும், மூட்டுப் பசை விடும். எடுத்த கூழையும் பாலித்தீனையும் சுருட்டிக் கட்டிக் குப்பைக்குத் தனியாகக் கொடுங்கள். தோட்டத்திலோ கிணற்றோரமோ புதைக்க வேண்டாம்.

எடுத்து முடித்ததும் ரிமூவரில் மெழுகு மிஞ்சும். தின்னரால் இரண்டு தடவை துடைக்காவிட்டால் புதுப் பெயின்ட் ஒட்டாது. ஆணியைச் சுற்றிய நீலக்கறுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம். கறையில் மட்டும் இல்லாமல் பலகை முழுவதும் தடவி, 20 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் மூன்று தடவை துடையுங்கள். இல்லையென்றால் வட்டமாக வெளுத்துத் தெரியும். அது விஷம், அடுக்களைப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. காய்ந்து நிற்கும் வெண்பொடியை ஊதவும் கூடாது.

வெளிமுகத்துக்கு மறுபடி பெயின்ட், உள்முகத்துக்கு மரம். இரண்டும் சேரும் விளிம்பில் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். கதவு சாத்தியிருக்கும்போது உள்ளிருந்து தெரியாத விளிம்பெல்லாம் பெயின்ட் பக்கம். கதவு சுழலும் குடுமியிலும், உரசும் முகத்திலும் ஒரு கோட் போதும். தடித்தால் ஐப்பசியில் கதவு சாத்தாது.

---

உளிமுனை:

தூண்கள் அரக்கு என்று தெரிந்தது நல்ல செய்தி. சுரண்டவே வேண்டாம். அரக்கு காய்ந்த பிறகும் ஸ்பிரிட்டில் கரையும். அதனால் பழைய பூச்சையே மறுபடி இளக்கிச் சமனாக்கலாம்.

முதலில் டர்பன்டைன் நனைத்த பருத்தித் துணியால் மெழுகு, விளக்குப்புகை, கைப்பிசுக்கு எல்லாம் துடைத்தெடுங்கள். துணி கறுப்பாக வரும், மாற்றிக்கொண்டே இருங்கள். பாதி இருட்டு இதிலேயே போகும். கறுத்துத் தெரிவது மரத்தின் நிறமல்ல, மேலே படிந்த புகையும் பிசுக்கும்தான்.

அரக்குக் கரைசல்: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் மெழுகு நீக்கிய வெளிர் அரக்குச் செதில். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு நாள் ஊறட்டும், இரும்பு டப்பாவில் வைத்தால் கறுக்கும். எட்டுத் தூணுக்கு மேல்பரப்பு ஏறக்குறைய 135 சதுர அடி. இளக்குவதற்கு வெறும் ஸ்பிரிட் இரண்டு லிட்டர், பூச ஒன்றரை லிட்டர் கரைசல் வாங்கினால் போதிகைக்கும் சேர்த்து வரும். உள்ளே பஞ்சு, வெளியே பழைய மல் வேட்டித் துணி வைத்துக் கட்டிய பொட்டலத்தால் மேலிருந்து கீழாக, நிறுத்தாமல் இழுங்கள். நிறுத்திய இடம் ஒட்டிப் பிய்யும். நாலைந்து மெல்லிய பூச்சு, நடுவில் ஒரு மணி நேரம்.

ஈரக்காற்றில் பூசினால் அரக்கு பாலாடை போல வெளுக்கும். காலை பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் பூசுங்கள், மழை மேகம் கூடினால் நிறுத்துங்கள். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், காய்ந்த நாளில் ஸ்பிரிட் பொட்டலத்தால் ஒரு தடவை தடவினால் தெளியும். வேலை நடக்கும்போது அடுப்பு, விளக்கு, சாம்பிராணி எதுவும் எரியக் கூடாது.

அடியில் 19 காட்டுவதற்குத் தரை கழுவும் தண்ணீரும் காரணம். சோப்பு, சோடா கலந்த தண்ணீர் அரக்கைக் கரைக்கும். தூணின் அடிப்பகுதியில் ஒரு அடி உயரத்துக்கு, அரக்கின்மேல் மெழுகு போடுங்கள்: 100 கிராம் தேன்மெழுகு, 300 மில்லி டர்பன்டைன். அடுப்பை அணைத்த பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, ஆறியதும் துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி கழித்து மெருகேற்றுங்கள். மாப் தூணுக்கு ஒரு சாண் முன்னாலேயே நிற்கட்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசலாமே என்று கேட்பார்கள். காய்ச்சாததைப் பூசினால் நம் ஈரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். கதவின் உள்முகத்துக்கு வேண்டுமானால் டபுள் பாயில்டு எண்ணெய், சரிபாதி டர்பன்டைன், பூசிய 15 நிமிடத்தில் உலரத் துடைக்க வேண்டும். இரண்டு தடவை, இரண்டு நாள் இடைவெளி. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்கிவிட்டு, விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

நிலை: சிமென்டைக் கொத்தி, டைல்ஸை நிலையைச் சுற்றி அரை அங்குலம் வெட்டி எடுங்கள். குத்தூசி இறங்காத நல்ல மரம் வரும்வரை போய், அதற்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள். பழைய தேக்கிலேயே ஒட்டு. கட்டைக் கனம் 4 அங்குலமென்றால் சாய்வு 8 அங்குல நீளமாவது இருக்கட்டும், வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வழிந்துபோகும். எபாக்சி பசை, இரண்டு மர ஆணி. அடி வெட்டுமுகத்துக்கு எபாக்சி மூன்று கோட், கீழே ஒரு கருங்கல் சில்லு வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்து.

மாவுத்தூள் வருவது வண்டு. வேம்பின் வெளிமரத்தைத்தான் தின்னும். பெயின்டை எடுத்த பிறகு, ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, இரண்டு நாளில் மூன்று தடவை பூசுங்கள். ஓட்டைகளில் ஊசியால் ஏற்றுங்கள். அது மழையில் கரைந்து போகக்கூடியது, எனவே ஒரு வாரம் காயவைத்துப் பிரைமர் கட்டாயம். காய்ந்து நிற்கும் உப்புப்பூவைத் துடைத்துவிட்டு அடியுங்கள்.

---

பனைநார் (திருப்புல்லாணி):

பனங்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கும் பெயின்ட் வேண்டாம், காரணம் வேறு. பனையில் வெளிவளையம் கறுத்த வைரம், நடுவில் சோறு (மென்மையான உட்பகுதி). வைரத்தின் நார்கள் தனித்தனி ஊசிகள். வெயிலில் சூடேறிக் குளிரும்போது நார் எழும்பிப் பெயின்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். எனாமல் அடித்த பனங்கை இரண்டு வருடத்தில் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும்.

உப்புத்தாளை நாரோடு மட்டும் இழுங்கள். குறுக்கே இழுத்தால் நார் விரலில் ஏறும், இழைப்புளி போடவே கூடாது. தேங்காய் நார் பிரஷால் புகைக்கரியைத் துடைத்து, டபுள் பாயில்டு எண்ணெய் ஒரு பூச்சு போதும். வண்டு போவது வெட்டிய முனையில் உள்ள சோற்றின் வழியாக. முனைகளில் வெண்காரக் கரைசல் பூசி, காய்ந்ததும் எண்ணெயை அது குடிக்கிறவரை கொடுங்கள். சுவருக்குள் புதைந்த முனைக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் வைப்பார்கள், நன்றாக நிற்கும். ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், அதன்மேல் எந்தப் பெயின்டும் ஒட்டாது. கண்ணில் படாத முனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கீழக்கரைவீடு:

சன்னலும் கதவின் வெளிமுகமும் பெயின்ட், கூரை இடைவெளிக்குச் சுண்ணாம்பு, நிலைக்கு ஒட்டு என்று வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். தூண்கள் மட்டும் இன்னும் பேச்சில் இருக்கின்றன. உம்மா கடைசியில் வெள்ளைதான் வேண்டும் என்றால் என்ன செய்வது?

---

உளிமுனை:

அப்படியானால் அடிக்கும் முன் அதே அரக்குக் கரைசலை இரண்டு கோட் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். அதற்கு மேல் எண்ணெய்ப் பிரைமர். மரத்தின் சாயம் வெள்ளைக்குள் ஏறாது. பின்னாளில் எடுக்க நினைத்தால், நாருக்குள் போகாத பெயின்டு அடி அரக்கோடு சேர்ந்து கிளம்பும். போதிகைப் பள்ளங்களில் பிரஷ் நுனியால் மட்டும், தேங்காமல்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முற்றத்தின் வடகிழக்கு மூலைத் தூண் ஒன்றை மட்டும் போதிகையோடு டர்பன்டைனில் துடைத்து, ஸ்பிரிட் பொட்டலம் போட்டு, மூன்று பூச்சு கொடுங்கள். ஒரே நாளில் முடியும், அரை லிட்டர் ஸ்பிரிட் செலவு. பக்கத்துத் தூணுக்கு மேலுள்ள கூரை இடைவெளியில் நாலு செங்கல் வரிசைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, முற்றத்து வெயில் பட்டாசாலைக்குள் எட்டும் நேரத்தில், உம்மாவை அங்கே உட்கார வைத்துக் காட்டுங்கள்.